வெட்டிய காட்டில் காது வைத்தல்: சபாவின் சேஃப் திட்டம், ஒரு நிகழ்வு ஆய்வு

மலேசியாவின் சபா மாநிலத்தில், போர்னியோ தீவின் வடபகுதியில், கலபாகான் வனக் காப்பகம் இருக்கிறது. பெயரில் காப்பகம் என்றிருந்தாலும் அது மரத்துக்காக வைத்திருந்த காடு. 1970களில் ஒருமுறையும் 1990களின் பிற்பகுதியில் தொடங்கி மறுமுறையுமாக, விலைபோகும் பெருமரங்கள் அங்கிருந்து இறங்கிவிட்டன. எஞ்சிய காட்டில் ஏறத்தாழ 7,200 ஹெக்டேர் பரப்பை எண்ணெய்ப்பனைத் தோட்டமாக மாற்றுவதென முடிவாயிற்று. இத்தகைய இடங்களுக்கு உயிரியலாளர்கள் பெரும்பாலும் எல்லாம் முடிந்த பிறகே வந்து சேர்வார்கள். தப்பிக் கிடக்கும் காட்டுத் துண்டுகளில் என்ன மிஞ்சியிருக்கிறது என்று எண்ணுவார்கள். முன்பு என்ன இருந்தது என்பதை ஊகிப்பார்கள்.

கலபாகானில் இந்த வரிசை மாறியது. லண்டன் இம்பீரியல் கல்லூரியின் சூழலியலாளர் ராபர்ட் யூவர்ஸ் தலைமையிலான குழு, வெட்டு தொடங்கும் முன்பே நிலவரைபடத்தை விரித்து, எந்தத் துண்டை விட்டுவைப்பது, எந்த ஓடையின் கரையில் எவ்வளவு அகலத்துக்கு மரங்களை நிற்க விடுவது என்று நிலத்தை நிர்வகிப்பவர்களோடு பேசித் தீர்மானித்தது. மாற்றப்பட்ட காட்டுச் சூழல் எந்த அளவுக்குத் தாக்குப்பிடிக்கும் என்ற கேள்வியையே பெயராகக் கொண்ட சேஃப் (SAFE, Stability of Altered Forest Ecosystems) திட்டம் இப்படித்தான் பிறந்தது. அதன் வடிவமைப்பு 2011இல் அறிவியல் இதழில் வெளியானது. இதற்குப் பணம் கொடுத்தது, எண்ணெய்ப்பனைத் தொழிலில் பெருநிறுவனமான சைம் டார்பியின் அறக்கட்டளை. வாசிப்பவர்கள் இதை மனத்தில் வைத்துக்கொண்டே முடிவுகளைப் பார்க்கவேண்டும். ஆனாலும், மரம் வெட்டுவோரின் ஒத்துழைப்பு இல்லாமல் இப்படியொரு சோதனையை அமைத்திருக்கவே முடியாது என்பதும் உண்மை.

இந்த நிகழ்வு ஆய்வுக்குக் கலபாகானைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் அங்கே பயன்பட்ட கருவிகள் அல்ல. தானியங்கி கேமரா, ஒலிப்பதிவுக் கருவி, விமானத்திலிருந்து வீசும் லைடார் என்ற லேசர் கதிர், மரபணு வரிசை என்று அங்கே பயன்பட்டவை எல்லாம் இன்று வேறு பல இடங்களிலும் உள்ளன. கருவி சொல்லும் எண்ணை எந்த அளவுக்கு நம்பலாம் என்று சோதித்துப் பார்ப்பதற்குத் தரையில் எடுத்த நேரடி ஆதாரம் அங்கே முன்கூட்டியே இருந்தது. அது வேறு எங்கும் எளிதில் கிடைக்காது.

நிலத்தை முதலில் வரைந்தது

விட்டுவைக்கப்படும் காட்டுத் துண்டுகள் மூன்று அளவில் திட்டமிடப்பட்டன. ஒரு தொகுதிக்கு 1 ஹெக்டேர் துண்டுகள் நான்கு, 10 ஹெக்டேர் துண்டுகள் இரண்டு, 100 ஹெக்டேர் துண்டு ஒன்று. இப்படி ஆறு தொகுதிகள். ஓடைகளுக்கும் தனித்தனிக் கணக்கு உண்டு: கரையோரக் காட்டுப்பட்டை ஓர் ஓடையில் அறவே இல்லை, அடுத்ததில் 5 மீட்டர், பிறகு 15, 30, 60, 120 மீட்டர் என்று அகலம் ஏறிக்கொண்டே போகும். ஒப்பிடுவதற்கு மாலியாவ் பள்ளத்தாக்கின் பழங்காடு ஒருபுறம், ஏற்கெனவே காய்த்துக்கொண்டிருந்த எண்ணெய்ப்பனைத் தோட்டம் மறுபுறம்.

இதில் என்ன பெரிய விஷயம் என்று தோன்றலாம். பொதுவாக ஒரு தோட்டத்துக்குள் காடு தப்பிப் பிழைப்பது, ஏற முடியாத சரிவிலும் கால் வைக்க முடியாத சதுப்பிலும்தான். அங்கே பறவை குறைவாக இருந்தால், துண்டு சிறியது என்பதால் குறைந்ததா, சரிவு செங்குத்தானது என்பதால் முதலிலிருந்தே குறைவா என்று பிரித்துச் சொல்ல முடியாது. எத்தனை கேமரா கட்டினாலும் எத்தனை டெராபைட் ஒலி சேர்த்தாலும் அந்தக் குழப்பம் தீராது. துண்டின் இடத்தை முன்பே வகுத்து, வெட்டுக்கு முன்பும் பின்பும் அதே இடத்தில் அளந்தால் மட்டுமே தீரும்.

மாதிரி எடுக்கும் புள்ளிகளையும் கட்டம் கட்டமாகச் சதுரத்தில் வைக்கவில்லை. மூன்று புள்ளிகள் சேர்ந்து ஒரு சிறு முக்கோணம், மூன்று சிறு முக்கோணங்கள் சேர்ந்து அதைவிடப் பெரிய முக்கோணம் என்று அடுக்கடுக்காகப் போகும் அமைப்பு அது. அருகருகே உள்ள புள்ளிகளும் தொலைவில் உள்ள புள்ளிகளும் ஒரே அமைப்பில் கிடைப்பதால், ஓர் உயிரினம் எந்தத் தொலைவு அளவில் மாற்றத்தை உணர்கிறது என்று பார்க்க முடிகிறது. எறும்புக்கு அது சில மீட்டராக இருக்கலாம். இருவாச்சிக்கு அது கிலோமீட்டர் கணக்கு. இதைவிட முக்கியமானது, எல்லா ஆய்வாளர்களும் அதே புள்ளிகளையே பயன்படுத்தினார்கள் என்பது. வண்டு பிடித்தவரின் குழியும், பறவை கேட்டவரின் நிற்குமிடமும், வெப்பமானியும், கேமராவும், லைடார் வரைபடத்தின் புள்ளியும் ஒன்றோடொன்று பொருந்தின. ஒவ்வொருவரும் தத்தம் வசதிக்கு இடம் பார்த்துக்கொண்டிருந்தால் அத்தனை தரவும் அவரவர் அலமாரியோடு நின்றிருக்கும்.

கேமரா எங்கே நின்றது

தானியங்கி கேமரா வைப்பவர்களின் பழக்கம் ஒன்று உண்டு. பழைய மரலாரிப் பாதையோ விலங்குத் தடமோ தெரிந்தால் அங்கே போய்க் கட்டுவது. பெரிய பூனைகள் பாதையில் நடக்கும், படம் விழும், குழுவுக்கும் உற்சாகம் வரும். ஆலிவர் வேர்ன் என்ற ஆய்வாளரும் உடன் பணியாற்றியவர்களும் கலபாகானில் அதை ஒதுக்கிவிட்டு, புள்ளிகளைச் சீட்டுக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்து, விழுந்த இடத்திலேயே கேமராவைக் கட்டினார்கள். புதரோ சரிவோ, எது வந்தாலும் அங்கேதான்.

2013இல் வெளியான முடிவு பலரையும் நிமிர்ந்து பார்க்கவைத்தது. போர்னியோவின் காட்டுப்பூனை இனங்கள் ஐந்தும் அந்த வெட்டுண்ட காட்டிலேயே இருந்தன: படைச்சிறுத்தை, பளிங்குப் பூனை, சிறுத்தைப் பூனை, தட்டைத்தலைப் பூனை, உலகில் போர்னியோவைத் தவிர வேறெங்கும் இல்லாத செம்பழுப்புப் பூனை. ஐந்தும் சேர்ந்து பதிவான இடங்கள் இதையும் சேர்த்து அன்று அந்தத் தீவு முழுவதிலும் நான்குதான். மிக அரிதாகவே கண்ணில் படும் செம்பழுப்புப் பூனை எதிர்பாராத அளவுக்குக் கேமராவில் விழுந்ததற்கு, பாதையை விட்டு விலகிக் கேமரா நின்றதும் ஒரு காரணம். பாதையை மட்டுமே பார்த்திருந்தால், பாதையில் நடக்காத விலங்கு அங்கே இல்லை என்றே அறிக்கை எழுதியிருப்போம்.

கேமராவின் குறைகளும் கணக்கில் வரவேண்டும். அது அசைவை மட்டும் பார்ப்பதில்லை. சுற்றுப்புறத்தைவிட வெப்பமான ஒன்று அசைகிறதா என்று பார்க்கிறது. நண்பகலில் காற்றின் வெப்பம் உடல் வெப்பத்தை நெருங்கும்போது சிறு விலங்குகள் முன்னால் போனாலும் அது விழிக்காமல் இருந்துவிடும். வெயில் பட்டுச் சூடான இலை காற்றில் ஆடினால் வெற்றுப் படங்களாக எடுத்துத் தள்ளும். யானை நடமாடும் காட்டில் கேமரா உடைபடுவது விபத்து என்ற கணக்கில் வராது. அதைத் திட்டச் செலவிலேயே சேர்த்துவிட வேண்டும். இவற்றையெல்லாம் கணக்கில் எடுத்து, இருந்தும் பதிவாகாமல் போகும் வாய்ப்பைத் தனியே மதிப்பிட்ட பிறகே, எத்தனை முறை படம் விழுந்தது என்பதை எத்தனை விலங்கு இருக்கிறது என்பதாக மாற்ற முடியும். இந்தப் படியைத் தவிர்த்துவிட்டு நேரடியாகப் பட எண்ணிக்கையை வரைபடமாக்கும் அறிக்கைகள் நிறைய வருகின்றன. அவற்றை நான் நம்புவதில்லை.

வானிலிருந்து பார்த்தது

2014இல் விமானத்திலிருந்து லைடார் கதிர்களை வீசி அந்த நிலப்பரப்பை அளந்தார்கள். கதிர் இலைமேல் பட்டுத் திரும்பும் நேரத்தை வைத்து உச்சிக் கவிகையின் உயரத்தையும், இடைவெளி வழியே தரையைத் தொட்டுத் திரும்பியதை வைத்து நிலத்தின் மேடு பள்ளத்தையும் முப்பரிமாணத்தில் வரைய முடிந்தது. மாலியாவில் 89.5 மீட்டர் உயர மஞ்சள் மெராந்தி மரம் ஒன்று அந்தத் தரவிலிருந்துதான் தெரியவந்தது. செய்தித்தாள்களுக்கு அந்த மரம் போதுமாக இருந்தது. கண்காணிப்புக்கு உதவியது வேறு: மரத்தின் அடர்த்தியும் நிலத்தின் ஏற்ற இறக்கமும் சேர்ந்து அடிக்காட்டின் வெப்பத்தை எப்படித் தீர்மானிக்கின்றன என்பதைப் புள்ளி புள்ளியாகக் கணிக்க முடிந்ததே அது. தரையில் வைத்த வெப்பமானிகள் ஏற்கெனவே ஒரு செய்தியைச் சொல்லியிருந்தன: வெட்டிய காட்டைவிடப் பழங்காடு 2.5 டிகிரி செல்சியஸ் வரையும், எண்ணெய்ப்பனைத் தோட்டத்தைவிட 6.5 டிகிரி வரையும் குளிர்ச்சியாக இருந்தது. ஈரத்தோல் தவளைக்கும் இலைச்சருகில் வாழும் பூச்சிக்கும் இந்த வேறுபாடு உயிர் போகும் அளவு.

ஒலியின் வலையமைப்பு

இந்த நிகழ்வில் ஒலியே அதிகம் பேசப்பட்டது. அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டதும் அதுவே. சரப் சேத்தி என்ற ஆய்வாளரின் குழு, ராஸ்பெர்ரி பை என்ற சிறு கணினியோடு ஒலிவாங்கி, சூரியத் தகடு, மின்கலம், கைபேசி இணைப்பு ஆகியவற்றைச் சேர்த்து ஒரு பதிவுக் கருவியை 2018இல் வெளியிட்டது. அதன் வரைபடமும் மென்பொருளும் எவரும் எடுத்துக்கொள்ளத் திறந்தே வைக்கப்பட்டன. மரத்தில் கட்டிய கருவி ஒலியைப் பதிவு செய்து, கைபேசி அலைவரிசை வழியே சேவையகத்துக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். போர்னியோவில் மாலைக்கருக்கலில் சிள்வண்டு தொடங்குவதை உலகின் மறுகோடியில் அமர்ந்து கேட்கலாம்.

நிகழ்நேரம் என்ற சொல்லுக்கு விளம்பர மதிப்பு அதிகம். பறவை எண்ணுவதற்கு அது பெரும்பாலும் தேவையே இல்லை; அடுத்த வாரம் எண்ணினாலும் அதே எண்தான். உண்மையான பயன் வேறிடத்தில் இருக்கிறது. நினைவட்டையில் பதிவு செய்யும் கருவியைக் கட்டிவிட்டு மூன்று மாதம் கழித்துப் போனால், இரண்டாவது வாரமே ஒலிவாங்கியில் எறும்பு கூடு கட்டியதையோ மின்கலத்துக்குள் நீர் இறங்கியதையோ அன்றுதான் அறிவோம். கருவி தினமும் பேசிக்கொண்டிருந்தால், அது பேச்சை நிறுத்திய நாள் தெரிந்துவிடும்.

தரவின் அளவை ஒருமுறை கணக்குப் போட்டுப் பார்க்கவேண்டும். நொடிக்கு 44,100 மாதிரி, மாதிரிக்கு 16 பிட், ஒற்றைத் தடம் என்றால் ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 318 மெகாபைட். ஒரு நாளைக்கு 7.6 கிகாபைட். பத்துக் கருவிகள் ஓராண்டு ஓடினால் ஏறத்தாழ 28 டெராபைட் சேரும். காட்டில் கிடைக்கும் கைபேசி இணைப்பில் இதை அப்படியே அனுப்புவது நடக்காது. எம்பி3 ஆகச் சுருக்கவேண்டும். சுருக்கினால் காது தவறவிடும் மெல்லிய நுணுக்கங்கள் வெட்டுப்படும். சேஃப் பதிவுகளைக் கொண்டே 2021இல் செய்த சோதனை ஒன்று, ஒரு பதிவின் ஒலித்தன்மையை ஒற்றை எண்ணாகச் சொல்லும் மரபான ஒலிச் சுட்டெண்கள் இந்தச் சுருக்கத்தால் கணிசமாகத் திரிவதையும், ஆழ்கற்றல் வலையமைப்பிலிருந்து எடுக்கும் ஒலிக் கைரேகை அதைவிட நன்றாகத் தாங்குவதையும் காட்டியது. நொடிக்கு 44,100 மாதிரி என்பதற்கு இன்னொரு பொருளும் உண்டு: அதில் பாதி அலைவெண்ணுக்கு, அதாவது 22 கிலோஹெர்ட்ஸ் அளவுக்கு, மேலே போகும் ஒலி பதிவாகாது. பூச்சியுண்ணும் வௌவால்களின் மீயொலி பெரும்பகுதி அதற்கு மேலேதான். இந்த அமைப்பில் வௌவால் இல்லை என்று தரவு சொன்னால், அது கருவியின் எல்லையைத்தான் சொல்கிறது.

மேலே குறிப்பிட்ட ஒலிக் கைரேகை எப்படிக் கிடைக்கிறது என்பதைச் சற்று விளக்கவேண்டும். யூடியூப் காணொளிகளின் ஒலியைக் கொண்டு, இது இசை, இது நாய், இது வண்டி என்று பிரிக்கப் பழக்கப்பட்ட நரம்பு வலையமைப்பு ஒன்று இருக்கிறது. அதற்குக் காட்டின் ஒலியைத் துண்டு துண்டாகக் கொடுத்தால், ஒவ்வொரு துண்டையும் 128 எண்களாகத் திருப்பித் தரும். அந்த எண்களில் எந்தப் பறவையின் பெயரும் இல்லை. ஆனால் பழங்காட்டின் 128 எண்களும் தோட்டத்தின் 128 எண்களும் வேறுவேறு திசையில் விலகி நிற்கின்றன. 2020இல் வெளியான ஆய்வில், சபாவில் வெட்டின் தீவிரத்துக்கேற்ப ஒலி மாறிக்கொண்டே போவதை இந்த எண்களே காட்டின. வழக்கத்துக்கு மாறான ஒலியைத் தனியே எடுத்துக் காட்டும் முறையில், காட்டில் ஒலிபரப்பிப் பார்த்த சங்கிலி ரம்பச் சத்தத்தையும் துப்பாக்கிச் சத்தத்தையும் அது இனங்கண்டது. அவற்றை முன்பே அதற்குக் கற்பிக்க வேண்டியிருக்கவில்லை.

இவ்வளவு நன்றாக வேலை செய்தால், ஓரிடத்தில் பழக்கிய கணிப்பை வேறு காட்டில் வைத்து, இங்கே எத்தனை இனம் என்று கேட்கலாமே? அந்த ஆசையை அதே குழுவினரே 2023இல் சோதித்தார்கள். வெவ்வேறு சூழல்களைச் சேர்ந்த நான்கு தரவுத் தொகுப்புகளிலிருந்து 8,023 ஒலிப்பதிவுகளை எடுத்து, ஒவ்வொன்றையும் நேரில் நின்ற பறவை ஆய்வாளர் எண்ணிய இனப் பட்டியலோடு ஒப்பிட்டார்கள். ஒரே இடத்துக்குள், ஒலிக்கும் அங்குள்ள இன எண்ணிக்கைக்கும் இடையே தொடர்பு தெரிந்தது. இடம் மாறியதும் அந்தத் தொடர்பு கைவிட்டது. எல்லாக் காட்டுக்கும் பொதுவான ஒலி அளவுகோல் ஒன்றும் கிடைக்கவில்லை.

ஏன் என்று யோசித்தால் வியப்பில்லை. ஒரே ஓர் இனச் சிள்வண்டு கருக்கலில் மொத்த அலைப்பட்டையையும் நிரப்பிவிடும். ஒலி அடர்த்தியாக இருக்கும், இனமோ ஒன்றுதான். விடியலில் கிப்பன் குரங்கின் அழைப்பு வெகுதொலைவிலிருந்து வந்து, அது இல்லாத புள்ளியிலும் பதிவாகும். மழை பெய்தால் எல்லாமே மூடிவிடும். இதோடு ஒவ்வோர் இடத்துக்கும் அதற்கே உரிய பாடகர்களும் அதற்கே உரிய சிற்றோடைச் சலசலப்பும் உண்டு. ஒரு காட்டில் இருபது இனம் சேர்ந்து எழுப்பும் சந்தடியை இன்னொரு காட்டில் ஐந்து இனமே எழுப்பிவிடலாம். சேத்தி குழுவினரின் இந்த முடிவு, அவர்கள் முன்பு வெளியிட்டதன் ஒளியைக் குறைத்துக் காட்டும் என்று தெரிந்தும் வெளியிடப்பட்டது. என்னைக் கேட்டால், நிலத்தை நிர்வகிப்பவருக்கு 2020ஆம் ஆண்டின் ஆய்வைவிட இதுவே பயன் மிகுந்தது: அதே மரம், அதே கருவி, அதே பருவம் என்றால் ஒலி மாற்றத்தை நம்பலாம், இன எண்ணிக்கை வேண்டுமென்றால் அந்த மண்ணிலேயே காது தேர்ந்த ஒருவர் நின்று எண்ணியிருக்கவேண்டும்.

அட்டையின் குருதி

அட்டை கடித்த விலங்கின் மரபணு அதன் வயிற்றில் மாதக்கணக்கில் அழியாமல் இருக்கும். அட்டைகளைச் சேர்த்து அந்த மரபணுவை வரிசைப்படுத்தினால், அப்பக்கம் வந்துபோன பாலூட்டிகளின் பட்டியல் கிடைக்கும். கலபாகானிலும் சுற்றுவட்டாரத்திலும் இது செய்யப்பட்டது. பழங்காட்டுக்கும் வெட்டிய காட்டுக்கும் பாலூட்டி வேறுபாடு அதில் தெரிந்தது. சிக்கல் என்னவென்றால், அட்டைக்கு ஈரம் வேண்டும். காடு சீரழியச் சீரழிய அட்டையே குறைகிறது. 6.5 டிகிரி சூடு கூடிய தோட்டத்தில் மாதிரி எடுக்கும் கருவியே இல்லாமல் போய்விடும். அங்கே கேமராதான் கைகொடுக்கவேண்டும்.

எண்கள் முடிவாக மாறியது

இப்படிச் சேர்ந்தவை தனித்தனியே நின்றிருந்தால் பட்டியல்களாகவே இருந்திருக்கும். ஒரே புள்ளிகளில் அளந்ததால் கூட்டிப் பார்க்க முடிந்தது. 2022இல் சூழலியலாளர் யத்விந்தர் மால்ஹியும் அவரோடு பணியாற்றியவர்களும், பறவைகளும் பாலூட்டிகளும் உணவாக எடுக்கும் ஆற்றலைக் கணக்கிட்டபோது, வெட்டிய காட்டில் அது பழங்காட்டைப்போல 2.5 மடங்கு என்று வந்தது. வெளிச்சம் விழுந்த இடத்தில் இளந்தளிரும் பழமும் கூடியதன் விளைவு அது. எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில் இந்த ஓட்டம் சரிந்து கிடந்தது. வெட்டிய காடு என்றாலே உயிரற்ற காடு, இனி என்ன செய்தாலும் ஒன்றுதான் என்று தோட்டத்துக்குக் கையெழுத்துப் போடுபவர்கள் சொல்லிவந்த வாதத்துக்கு இது நேரடி மறுப்பு. உடனே ஒன்றைச் சொல்லவேண்டும்: ஆற்றல் ஓட்டம் அதிகம் என்பதால் பழங்காட்டைவிட அது உயர்ந்த காடு என்று ஆகிவிடாது. பழங்காட்டை மட்டுமே நம்பி வாழும் இனங்களின் கதை இந்தக் கூட்டுத்தொகையில் கரைந்துவிடுகிறது.

அந்தக் கதையை 2024இல் யூவர்ஸ் குழு வெளியிட்ட பகுப்பாய்வு எடுத்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட உயிரின வகைகள் வெட்டின் தீவிரத்துக்கு எப்படி எதிர்வினை காட்டின என்று பார்த்ததில் இரண்டு எல்லைகள் தெரிந்தன. காட்டின் உயிர்த்திரளில், அதாவது மரங்களின் மொத்த எடையில், 29 சதவீதத்துக்குக் குறைவாக எடுக்கப்பட்டிருந்தால் பல்லுயிர் அமைப்பு பெரிதும் நிலைத்து நிற்கிறது. அதைச் சும்மா விட்டாலே காக்கலாம். 68 சதவீதத்தைத் தாண்டிவிட்டால் அமைப்பே வேறாகிவிடுகிறது. மீட்பதற்குச் செலவும் உழைப்பும் வேண்டும். நிலம் நிர்வகிப்பவருக்கு இது கைக்கெட்டும் எண். லைடாரிலோ தரைக் கணக்கிலோ உயிர்த்திரளை அளந்து, எந்தக் காட்டுத் துண்டு எந்தப் பக்கம் என்று வரைபடத்தில் குறித்துவிடலாம்.

ஓடைக்கரை விஷயத்தில் முடிவு இன்னும் கூர்மையானது. சபாவின் சட்டம் 3 மீட்டருக்கு மேல் அகலமுள்ள ஆறுகளுக்கு இரு கரையிலும் 20 மீட்டர் விடச் சொல்கிறது. சேஃப் நிலப்பரப்பிலும் சுற்றியுள்ள தோட்டங்களிலும் பறவைகளை எண்ணி 2018இல் வெளியான ஆய்வோ, தொடர்ந்த காட்டின் ஆற்றோரத்துக்கு ஈடான பறவைக் கூட்டம் நிற்கவேண்டுமானால் ஒவ்வொரு கரையிலும் குறைந்தது 40 மீட்டர் இயற்கைத் தாவரம் வேண்டும் என்றும், காட்டைச் சார்ந்தே வாழும், அழிவின் விளிம்பில் உள்ள இனங்களுக்கு அது 100 மீட்டர் ஆகும் என்றும் சொன்னது. அந்த 40ஐயும் 100ஐயும் தந்தவர்கள், விடியலில் ஓடைக்கரையில் நின்று, கண்ணாலும் காதாலும் பறவையை அடையாளம் கண்டு தாளில் குறித்தவர்கள். இனி அதே கரையில் ஒலிவாங்கியைக் கட்டுபவருக்கு, அதன் 128 எண்களை வைத்து ஒப்பிட அந்தத் தாள் இருக்கிறது.